ஐந்நூற்றுப் பன்னிரண்டைக் காணவில்லை

எனக்குக் கோபம் வந்தால் மூன்று ஷெட் தாண்டிக் கேட்கும் என்று எங்கள் கம்பெனி ஃபிட்டர் சொல்லுவார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு பக்கம் தகடு வெட்டுகிற சத்தம், இன்னொரு பக்கம் கிரைண்டிங், நடுவில் லாரி பின்னால் வரும்போது போடுகிற பாட்டு. இத்தனையையும் மீறி என் குரல் கேட்டது என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் என் கம்ப்யூட்டராக இருக்கும்.

பெரிய பெரிய இரும்புத் தொட்டிகளும் பாய்லர் பாகங்களும் செய்கிற கம்பெனி அது. நான் அங்கே டிராயிங் போட்டேன். சும்மா கிடைத்த நாற்காலி இல்லை. அதற்கு முன்னால் நான்கு வருஷம் டிஸ்பாட்ச் பிரிவில் உட்கார்ந்து, வெளியே போகிற ஒவ்வொரு லாரிக்கும் கேட் பாஸ் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பொன்னேரியிலிருந்து திருவள்ளூருக்குப் பஸ் ஏறிப் போய், கம்ப்யூட்டரில் டிராயிங் போடக் கற்றுக்கொண்டு, மேனேஜரை ஆறு மாதம் நச்சரித்து வாங்கிய நாற்காலி. அதை விட்டு எழுந்து போகச் சொன்னால் நான் எப்படிப் போவேன்?

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது இது. ஒரு வாடிக்கையாளர் தன் ஆலை முழுவதையும் ஒரே டிராயிங்காகப் போட்டு சி.டி.யில் அனுப்பியிருந்தார். அதைத் திறந்து, எங்கள் தொட்டி எங்கே உட்காரும், எந்தக் குழாய் எங்கே வரும் என்று நான் போட்டுத் தர வேண்டும். நான் அதைத் திறப்பேன். திரையில் மணல் கடிகாரம் வந்து நிற்கும். நான் போய் நாஷ்டா முடித்துவிட்டு வந்தாலும் நிற்கும். கடைசியில் கம்ப்யூட்டர் உறைந்து போய், பட்டனை அழுத்தி அணைத்துத் திரும்பப் போட வேண்டி வரும். அதில் இருந்த ராம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்.பி.தான். ராம் என்றால் கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொள்கிற மேசை மாதிரி. என் மேசை சின்னது, வந்த டிராயிங் பெரிது.

மேனேஜர் தடாவுக்கு அந்தப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவர் திங்கட்கிழமை காலையில் என் மேசைக்கே வந்து நின்றுகொண்டு சொன்னார்:

"வெள்ளிக்கிழமைக்குள்ள அது தெறக்கணும்மா. இல்லன்னா அம்பத்தூர்ல வெளிய குடுத்து வாங்கிக்கறேன். இனிமே எல்லா டிராயிங்கும் அங்கியே போவட்டும். நீ பழையபடி டிஸ்பாட்ச்ச பாரு, அங்க ஆளு இல்லாம பேஜாரா இருக்குது."

"சார், இன்னொரு ராம் போட்டா ஓடிடும் சார்."

"போடு. யாரு வாணாம்னா? வெள்ளிக்கிழம."

அன்றைக்கே பாய்க்குப் போன் போட்டேன். எங்கள் கம்பெனியில் இருந்த ஏழு கம்ப்யூட்டர்களுக்கும் வருஷ சர்வீஸ் அவர்தான். பழவேற்காட்டுக்காரர். அவர் வீட்டில் மற்ற எல்லோரும் ஜவுளி, மளிகை என்று வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டார். பொன்னேரி கடைத்தெருவில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. நாற்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் வருவார், ஷர்ட் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதுவே எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும்.

மதியம் வந்தார். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, இன்னொரு ஐந்நூற்றுப் பன்னிரண்டு, உறை பிரிக்காமல் கொண்டுவந்திருந்தார். பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினார்.

இங்கே எங்கள் கம்பெனியின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆயுத பூஜைக்கு நாங்கள் மூடியின் மேல் பொட்டு வைக்க மாட்டோம். லேத்துக்கு வைத்தால் சுழல்கிற தலைப்பகுதியில் வைப்போம். வெல்டிங் செட்டைத் திறந்து காயிலுக்குப் பக்கத்தில் வைப்போம். கிரேனுக்கு ஏணி போட்டு ஏறிக் கொக்கியில் வைப்போம். வேலை செய்கிறது எதுவோ அதற்குத்தான் மரியாதை, அதைப் போர்த்தியிருக்கிற தகரத்துக்கு என்ன வந்தது என்பது ஃபிட்டரின் கொள்கை. மூன்று வாரத்துக்கு முன் நடந்த பூஜையில் சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. நானும் என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஃபிட்டர் ஏர் ஹோஸைப் பிடித்துத் தூசியை ஊதித் தள்ளினார். நான் உள்ளே இருந்த பெரிய பச்சைப் பலகையில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். ஆபீஸில் மற்றவர்கள் எல்லாம் மானிட்டர் மேல் வைத்துவிட்டுப் பொரி சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மட்டும்தான் முறையாகச் செய்தேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை.

பாய் மூடியைக் கழற்றியதும் உள்ளே அந்த மஞ்சளும் சிவப்பும் தெரிந்தது. ஒரு நிமிஷம் பார்த்தார். ராம் செருகுவதற்கு இரண்டு குழி இருந்தது. ஸ்லாட் என்பார் பாய். முதல் குழியில் பழைய ராம். இரண்டாவது குழி வாங்கிய நாளிலிருந்து காலி. அதில் புதியதைச் செருகி, இரண்டு பக்கமும் கட்டை விரலால் அழுத்தினார். கிளிக் என்று கேட்டது. கம்ப்யூட்டரைப் போட்டார்.

திரையில் நானூற்று நாற்பத்தெட்டு என்று வந்தது.

"இன்னா பாய் இது? ஐநூத்திப் பன்னெண்டும் ஐநூத்திப் பன்னெண்டும் சேர்ந்தா நானூத்தி நாப்பத்தெட்டா?"

"இல்லம்மா. அதுல அறுபத்தி நாலு எம்.பி.ய திரையில படம் காட்டறதுக்கு எடுத்துக்கும். அது எப்பவும் எடுத்துக்கறதுதான். புதுசு இன்னும் தெரியல, அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இருந்ததும் கொறஞ்சி பூடுச்சா?" என்று கேட்டார். அவருக்கு அறுபத்து நாலைப் பற்றி விளக்க பாய் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவர் புரிந்துகொள்ளவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

பாய் புதியதைக் கழற்றினார். அதன் ஓரத்தைப் பார்த்து, என்னிடம் ரப்பர் கேட்டார். பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண ரப்பர். என் மேசையில் நாலைந்து கிடக்கும். அதை வைத்து ராமின் தங்கநிறப் பற்களைத் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினார். நானூற்று நாற்பத்தெட்டு. செட்டிங் மாற்றுகிற நீலத் திரைக்குள் போய் ஏதேதோ மாற்றினார். நானூற்று நாற்பத்தெட்டு. காசு மாதிரி இருக்கிற பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிஷம் கழித்துப் போட்டார். கம்ப்யூட்டர் தேதியை மறந்து போனது, நேரத்தை மறந்து போனது, இந்த நானூற்று நாற்பத்தெட்டை மட்டும் மறக்கவில்லை. நடுவில் பெரிய கிரேன் ஓடி, கரண்ட் இறங்கி, எல்லாம் அணைந்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

"ஸ்பீடு ஒத்துப் போவலியோ இன்னாவோ. பழசு மாதிரியே ஒன்னு எடுத்துக்கினு வர்றேன்மா," என்றார்.

கிளம்பும்போது சர்வீஸ் சீட்டை நீட்டினார். மூன்று தாள், நடுவில் கார்பன். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று மேனேஜர் ஃபைலுக்கு. அதில் 'கண்ட குறை' என்று ஒரு கட்டம் உண்டு. கம்பெனிச் சீட்டு என்பதால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பாய்க்கு ஆங்கிலத்தில் எழுத வராது. எப்போதும் என்னிடம்தான் பேனாவைத் தருவார், நான் எழுதுவதற்குக் கீழே அவர் கையெழுத்துப் போடுவார். என்ன எழுதினேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு நான் எழுதினேன்: குறை தீரவில்லை, கொடுத்த ராம் பழுது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வரவில்லை. ராம் வாங்கச் சென்னைக்குப் போயிருக்கிறார் என்று கடையில் சொன்னார்கள். நான் மூன்று தடவை போன் செய்தேன். ஃபிட்டர் என் மேசைப் பக்கம் வரும்போதெல்லாம், "இன்னா மேடம், உங்க மிஷினுக்கு இன்னும் சோறு எறங்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டிஸ்பாட்ச்சிலிருந்து வேறு, பழைய கேட் பாஸ் புத்தகங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று வந்து கேட்டார்கள். நான் வரப் போகிறேன் என்று அதற்குள் பேச்சு பரவியிருந்தது. எந்த அலமாரி என்று சொன்னேன். சொன்ன விதத்தில் கேட்டவர் இரண்டடி பின்னால் போனார்.

புதன்கிழமை பாய் பழைய ராம் மாதிரியே அச்சு அசலாக இன்னொன்று கொண்டுவந்தார். இரண்டாவது குழியில் போட்டார். நானூற்று நாற்பத்தெட்டு. பழையதை எடுத்துவிட்டு, இந்தப் புதியதைத் தனியாக முதல் குழியில் போட்டார். ஓடியது. திங்கட்கிழமை கொண்டுவந்ததை முதல் குழியில் தனியாகப் போட்டார். அதுவும் ஓடியது. எதையுமே முதல் குழியில் போட்டால் ஓடுகிறது, இரண்டாவதில் போட்டால் கம்ப்யூட்டர் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பாய் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "ராம் எல்லாம் நல்லா கீதும்மா. ஸ்லாட்டுதான் ஏதோ..." என்று இழுத்தார். என்னைப் பார்த்தார். எதையோ கேட்க வந்த மாதிரி இருந்தது.

நான் கேட்க விடவில்லை.

"ஸ்லாட்டா? முந்தாநாள் ராம்னீங்க. அப்புறம் ஸ்பீடுன்னீங்க. இப்ப ஸ்லாட்டா? நாளைக்கி வந்து நாற்காலி சரியில்லன்னு சொல்லுவீங்களா? இந்தப் பெட்டிய ஆயுத பூஜைக்கு என் கையால தெறந்து தொடச்சி, பொட்டு வெச்சி, பத்திரமா வெச்சிக்கினு இருந்தேன். நீங்க தொட்டப்புறம்தான் இத்தன பேஜாரு. அமுத்தி அமுத்தி ஒடச்சிட்டு ஸ்லாட்டு போச்சின்னா இன்னா அர்த்தம்?"

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே கிரைண்டிங் செய்துகொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பாய் எழுந்து, ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் ஒடைக்கலம்மா," என்றார். "அது எனக்குத் தெரியும்."

"அப்ப யாரு ஒடச்சது? நானா?"

அவர் சீட்டை நீட்டினார். நான் எழுதினேன்: மாட்டும்போது ஸ்லாட் சேதப்படுத்தப்பட்டது. பேனா அழுத்திய அழுத்தில் மூன்றாவது தாள் வரை கிழிந்தது. அவர் அதன் கீழேயும் கையெழுத்துப் போட்டார்.

பாயே மேனேஜர் அறைக்குள் போய்ச் சொல்லியிருக்கிறார், உள்ளே இருக்கிற பச்சை போர்டையே மாற்ற வேண்டி வரலாம் என்று. மேனேஜர் வெளியே வந்து, "போர்டு கீர்டெல்லாம் இப்ப ஆவாதும்மா. வெள்ளிக்கிழம சாய்ங்காலம் அம்பத்தூருக்கு சி.டி. போவுது. பாய கடைசியா ஒரு தடவ வந்து பாக்க சொல்லியிருக்கேன். அவரு கதையும் அதோட முடிஞ்சிது," என்றார்.

வியாழக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நானே பெட்டியைத் திறந்தேன். ஒரு ரப்பரை எடுத்து, பழையதும் பாய் விட்டுப்போனதுமாக இரண்டு ராமையும் தேய் தேயென்று தேய்த்தேன். இடம் மாற்றிப் போட்டேன். அழுத்தினேன், எடுத்தேன், திரும்ப அழுத்தினேன். விரல் நுனி சிவந்து போனது. நானூற்று நாற்பத்தெட்டு. கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆத்திரத்தில்தான். எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் வைத்த பொட்டு உள்ளே அப்படியே இருந்தது. கரையெல்லாம் காய்ந்து, வெடித்து, நடுவில் குங்குமம் மங்காமல். இரண்டாவது குழியின் ஓரத்திலேயே ஒன்று இருந்தது. அதை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை பாய் காலையிலேயே வந்துவிட்டார். நான் குட் மார்னிங் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு சின்ன டார்ச், பல் தேய்க்கிற பிரஷ், ஒரு பாட்டிலில் ஸ்பிரிட், இவற்றை மேசையில் வரிசையாக வைத்தார். மூடியைக் கழற்றி, பெட்டியைப் படுக்கப் போட்டு, இரண்டாவது குழிக்குள் டார்ச் அடித்தார். நிமிர்ந்தார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"ஒன்னு கேக்கறேன்மா. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"இந்தப் பொட்ட எடுக்கலாமா?"

எனக்குப் புரியவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். குழியின் ஓரத்தில் நான் வைத்த சந்தனம், ஓரத்தோடு நிற்கவில்லை. நாற்பது மெஷினுக்கு வர வேண்டும் என்று அன்றைக்கு நான் பன்னீர் விட்டு நன்றாகத் தளர்த்திக் குழைத்திருந்தேன். அது வழிந்து குழிக்குள் இறங்கி, வரிசையாக இருந்த கம்பிப் பற்களில் ஏழெட்டை மூடிக் காய்ந்து உட்கார்ந்திருந்தது. மேலே தெரிந்தது வட்டப் பொட்டு. உள்ளே போனது யார் கண்ணுக்கும் தெரியாத மிச்சம். அந்தப் பற்களைத் தொடாமல் எந்த ராமும் பேச முடியாது.

டார்ச்சை அணைக்காமலே நிமிர்ந்தேன்.

"இது... எப்ப தெரியும் உங்களுக்கு?"

"திங்கக்கெழம கழட்டும்போதே ராம் ஓரத்துல மஞ்சளா ஒட்டிக்கினு வந்துச்சி. அதுக்குத்தான் ரப்பர் கேட்டேன். புதன்கெழமையும் வந்துச்சி. உள்ள எறங்கியிருக்கும்னு டவுட்டு."

"அப்பவே தொடைக்க வேண்டியதுதான பாய்!"

"நீங்க சாமிக்கி வெச்சது. நான் எப்படிம்மா அழிக்கிறது? நான் அழிச்சேன்னு ஒரு பேச்சு வந்தா நல்லாவா இருக்கும்? சுத்தி இருந்த தூசிய மட்டும் எடுத்துட்டு, அது மேல கை படாமதான் வேல செஞ்சேன்."

"என்னக் கேட்டிருக்கலாமே."

அவர் பிரஷ்ஷை எடுத்து முனையைத் தட்டினார். "புதன்கெழம கேக்கலாம்னு வாயெடுத்தேன்," என்றார்.

அதற்கு மேல் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர் வாயெடுத்ததையும் பார்த்தேன், நான் கத்தியதையும் நானே கேட்டேன்.

"நீங்களே எடுத்துருங்க," என்று பிரஷ்ஷை என்னிடம் தந்தார். ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தேன். மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. அவர் ஒரு ஊசியைக் கொடுத்து, எந்தப் பல்லுக்கு நடுவில் இன்னும் இருக்கிறது என்று டார்ச் பிடித்துக் காட்டினார். இருபது நிமிஷம் ஆனது. கடைசியில் நானே ராமை எடுத்துச் செருகி அழுத்தினேன். பட்டனைத் தட்டினேன். திரையில் தொள்ளாயிரத்து அறுபது என்று வந்தது. படம் காட்டுவதற்கு அறுபத்து நாலு போக, மீதி முழுசாக.

சி.டி.யைப் போட்டேன். மணல் கடிகாரம் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, போய்விட்டது. ஆலை முழுவதும் திரையில் விரிந்தது. ஒவ்வொரு குழாயும், ஒவ்வொரு படிக்கட்டும். அந்த வாரம் முழுக்க நான் கேட்டது அதைத்தான். பக்கத்தில் நின்றிருந்த மனிதரைத் திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை.

மேனேஜர் வந்தார். ஃபிட்டரும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். "ஓடிடுச்சா! இன்னா நைனா ஆச்சி அதுக்கு?" என்று மேனேஜர் கேட்டார்.

பாய் என் பக்கம் திரும்பவேயில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ஸ்லாட்டுல தூசு சார்."

"தூசா? ஒரு தூசிய எடுக்கறதுக்கு மூணு வாட்டி வரணுமா? மொத நாளே பாத்திருந்தா இந்தப் பொண்ணு இப்பிடிக் கத்தியிருக்குமா? ஒரு வாரம் வேல போச்சி."

"ஆமா சார்," என்றார் பாய்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மூன்று ஷெட் தாண்டிக் கேட்கிற குரல் எனக்கு. 'சார், அது என் சந்தனம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டேன். மெஷினை இவளே கெடுத்துவிட்டு ஊரான் மேல் பழி போட்டாள் என்பார். கேட் பாஸ் அலமாரி ஞாபகம் வந்தது. திரையில் விரிந்திருந்த டிராயிங்கை மவுஸால் இங்கேயும் அங்கேயும் நகர்த்தினேன். மேனேஜர் போய்விட்டார்.

பாய் சீட்டை நீட்டினார், பேனாவையும். 'கண்ட குறை' என்ற கட்டம் காலியாக இருந்தது. முந்தைய இரண்டு சீட்டிலும் கட்டத்துக்கு வெளியே வழிந்து போகிற அளவுக்கு எழுதியிருந்த கை, அன்றைக்கு 'ஸ்லாட் சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி நின்றது. யார் அழுக்காக்கியது என்று அந்தக் கட்டத்தில் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"பாய்," என்றேன்.

"சொல்லும்மா."

"ஒன்னுமில்ல. தேங்க்ஸ்."

அந்த டிராயிங்கை முடித்தேன். அதற்கப்புறம் அந்த வாடிக்கையாளரின் எல்லா வேலையும் என் மேசைக்குத்தான் வந்தது. மேனேஜர் ஒரு தடவை நாலு பேர் எதிரில் என்னைப் பாராட்டினார். அடுத்த ஆயுத பூஜைக்கு மானிட்டர் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். ஃபிட்டர், "இன்னா மேடம், இந்த வருஷம் உள்ள தெறக்கலியா?" என்று கேட்டார். நேரமில்லை என்றேன்.

அதற்கு அடுத்த மாதம் வருஷ சர்வீஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. மேனேஜர் ஃபைலை எடுத்து விரித்தார். நான் வேறு ஒரு கையெழுத்துக்காக அவர் அறையில் நின்றிருந்தேன். அந்த வருஷத்துச் சீட்டுகளைப் புரட்டினார். கொடுத்த ராம் பழுது. மாட்டும்போது ஸ்லாட் சேதப்படுத்தப்பட்டது. கார்பன் பிரதி, கிழிந்த இடம் கூட அப்படியே. ஒவ்வொன்றின் கீழேயும் பாயின் கையெழுத்து, ஒப்புக்கொண்ட மாதிரி.

"நீ எழுதனதுதான? கரெக்டா எழுதியிருக்க," என்றார் மேனேஜர். "இந்த ஆள விட்ரலாம். சென்னையிலருந்து ஒருத்தன் வரேன்றான்."

நான், "சரி சார்," என்றேன்.

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. சந்தனத்தின் மேல் வரும், அந்தக் குழியின் மேல் வரும். அப்படி வளைந்து வளைந்து மரியாதை பார்த்த அந்த மனிதர் மேல் கூட வரும், ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லியிருந்தால் என்ன என்று. கொஞ்ச நேரத்தில் அந்த எரிச்சல் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நிற்கும்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கிப் படிக்கட்டு ஏறும்போது எதிரே வந்தார். ஒதுங்கிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். நின்றார். சர்வீஸ் போனதைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று வாயைத் தயார் செய்துகொண்டேன்.

"அந்த மிஷினு ஒழுங்கா ஓடுதாம்மா? ரெண்டு ராமும் காட்டுதா?"

"காட்டுது பாய்," என்றேன். "முழுசா காட்டுது."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.